கட்டணம் இல்லை என்றார்கள், விகிதத்தில் எடுத்துக்கொண்டார்கள்: ஸ்டாக் தளங்களில் படம் விற்பவர்கள் கவனத்துக்கு

ஸ்டாக் தளங்களில், அதாவது படங்களைப் பயன்படுத்தும் உரிமையை விற்கும் இணையதளங்களில், படமும் வீடியோவும் விற்று டாலரில் ராயல்டி வாங்குகிறவர்கள், உங்கள் கடைசிப் பண வரவு எந்த விகிதத்தில் ரூபாயானது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எவ்வளவு வந்தது என்பது போதாது, எந்த விகிதத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு நேர்ந்த இழப்பு அந்த ஒரு வரியில்தான் ஒளிந்திருந்தது.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு உப்பளங்களையும் மீன்பிடித் துறைமுகத்தையும் படமெடுத்து வெளிநாட்டுத் தளங்களில் விற்கிறேன். தளங்கள் டாலரில் தருகின்றன. அதைப் பெற்று ரூபாயாக்கி என் வங்கிக் கணக்கில் சேர்ப்பது ஒரு பணப் பரிமாற்ற நிறுவனம். நான் சேர்ந்தபோது ‘கட்டணமே இல்லை, சந்தை விகிதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். தொடக்கத்தில் சொன்னபடியே நடந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய சந்தை விகிதத்துக்கும் எனக்குக் கிடைத்ததற்கும் சில காசுகள்தான் வேறுபாடு இருந்தது.

2024-இல் ரசீதின் வடிவம் மாறியது. முன்பு டாலர், விகிதம், ரூபாய் என்று மூன்று வரிகள் இருக்கும். புதிய ரசீதில் ரூபாய்த் தொகையும், அதன் கீழே பச்சை நிறத்தில் ‘கட்டணம்: 0’ என்பதும் மட்டுமே. விகிதத்தைக் காணவில்லை. வருமான வரிக் கணக்குக்காக வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை வாங்கிப் பார்த்தபோதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. 400 டாலர் வந்த நாளில் சந்தையில் டாலர் 83 ரூபாய் 40 காசு. எனக்குத் தந்தது 80 ரூபாய் 30 காசு. 33,360 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 32,120 வந்திருக்கிறது. ஒரே பரிமாற்றத்தில் 1,240 ரூபாய், அதாவது மூன்றரை சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது.

இது சிறு தொகை என்று நினைப்பவர்களுக்கு நம் தொழிலின் கணக்கைச் சொல்கிறேன். ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் தரும் தளங்கள் இருக்கின்றன. 1,240 ரூபாய் என்றால் அப்படிப்பட்ட டவுன்லோடுகள் ஏறத்தாழ 150. உச்சி வெயிலில் உப்பளத்தில் நின்று எடுத்த படங்களை 150 பேர் வாங்கிய பணம், என்னைக் கேட்காமல் வேறொருவர் பைக்குப் போயிருக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதினேன். ‘தங்களிடம் நாங்கள் எந்தக் கட்டணமும் பிடிக்கவில்லை’ என்று பதில் வந்தது. விகிதத்தைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று மீண்டும் எழுதினால், ‘விகிதம் அவ்வப்போது மாறும், விதிமுறைகளில் குறிப்பிட்டிருக்கிறோம்’ என்றார்கள். விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். அடிப்படை விகிதத்துடன் ‘ஒரு மாற்று வித்தியாசம்’ சேர்க்கப்படலாம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. எத்தனை சதவீதம் என்று எங்கும் இல்லை. கூலி வாங்காமல் அளந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, படியைச் சிறிதாக்கி அளப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விகிதத்தைக் குறைத்து, அதை ரசீதில் காட்டியிருந்தால்கூடக் கோபம் வந்திருக்காது. ரசீதிலிருந்து அந்த வரியையே எடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தெரியாமல் செய்த வேலை இல்லை அது.

ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் ஒவ்வொரு வேலை நாளும் டாலருக்கான குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. 2018 வரை ரிசர்வ் வங்கியே செய்துவந்த வேலை இது. பணம் வந்த நாளின் குறிப்பு விகிதத்தை எடுத்து, உங்களுக்கு வந்த ரூபாயை டாலரால் வகுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை சதவீதம் வரை குறைந்திருந்தால் நான் சண்டை போட மாட்டேன். மூன்று, நான்கு சதவீதம் குறைந்திருந்தால் வேறு வழி தேட வேண்டும்.

வங்கிக்கு நேரடியாக டாலரில் வரவழைப்பது ஒரு வழி. ஆனால் அதிலும் கண் வேண்டும். இடையில் இருக்கும் வெளிநாட்டு வங்கி தன் பங்குக்குப் பிடிக்கும். நம் வங்கி ரூபாயாக மாற்றும்போது அந்தச் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு, 25,000 ரூபாய் வரையான தொகைக்கே 45 ரூபாய். ஆகவே 25 டாலர் சேர்ந்ததும் எடுப்பது பெரும் நஷ்டம், சேர்த்து வைத்து எடுப்பதே நல்லது. பெரிய தொகை வருபவர்கள் மாற்றுவதற்கு முன் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பேசி விகிதம் கேளுங்கள். கேட்பவருக்கு ஒன்று, கேட்காதவருக்கு ஒன்று என்பதுதான் அங்கே நடைமுறை. இஇஎஃப்சி என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கை வங்கியில் தொடங்கினால் வருமானத்தை டாலராகவே அடுத்த மாத இறுதி வரை வைத்திருக்கலாம்.

நம் கண்ணுக்கே தெரியாத இன்னொரு மாற்றமும் உண்டு. வாங்குபவர் யூரோவிலோ யென்னிலோ செலுத்தினால், தளம் அதை டாலராக்கித்தான் நம் பங்கைக் கணக்கிடும். 2022-இல் யூரோ டாலருக்குச் சமமாகி அதற்குக் கீழும் இறங்கியது. அந்த செப்டம்பரில் பவுண்டு டாலருக்கு எதிராக வரலாறு காணாத அளவு சரிந்தது. 2024-இல் ஒரு டாலருக்கு 160 யென்னைத் தாண்டியது. அதே படம், அதே விலை, ஆனால் நமக்கு வரும் சென்ட் குறையும். ரூபாய் சரிந்தால் நமக்கு லாபம் என்று மகிழ்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தளம் எந்த நாளின் விகிதத்தில் டாலராக்குகிறது என்று உதவி மையத்தில் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட தளம் இன்னும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்கத் தளமாக இருந்தால் டபிள்யூ-8பென் படிவம் (நாம் அமெரிக்கர் அல்ல என்று வரிக்காகத் தரும் படிவம்) காலாவதியாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அமெரிக்க விற்பனைக்கான ராயல்டியில் 15 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள்.

என் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அந்த நிறுவனத்தில் கணக்கை முடித்துக்கொண்டேன். உங்களுக்கு மாற்றித் தந்தது வங்கி என்றால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு ரசீதும் பண வரவுச் சான்றும் வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரசீதில் விகிதம் இல்லையென்றால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.