கிளிநொச்சியில இருந்து இந்தியா போக பலாலியா, கட்டுநாயக்காவா?

யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போட்டுக்கும் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்கா எயார்போட்டுக்கும் நேர்கோடு போட்டா 290 கிலோமீட்டர் அளவு, ரோட்டால 380க்குக் கிட்ட வரும். ஆனா வன்னியில இருக்கிற நாங்கள் ரெண்டுக்கும் நடுவில கிடக்கிறம், அதால எங்கட வாசலில இருந்து எண்ணிப் பாத்தாத்தான் சரிவரும்.

கிளிநொச்சி டவுனில இருந்து கட்டுநாயக்கா 300 கிலோமீட்டருக்கு மேல. வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் எண்டு இறங்கவேணும், வான் பிடிச்சாலும் ஆறு மணித்தியாலம் சும்மா போயிடும், ராவில எண்டா அனுராதபுரம் தாண்டி யானை ரோட்டுக்கு வருமோ எண்ட பயம் வேற. பலாலி 80 கிலோமீட்டருக்குள்ளதான். ஆனையிறவு தாண்டி மீசாலையால புத்தூர்ப் பக்கம் திரும்பினா யாழ்ப்பாண டவுனுக்குள்ள போய் இடிபடாமலே அச்சுவேலியால போய்ச் சேரலாம், ரெண்டு மணித்தியாலம் தாராளம்.

இப்ப பிளேன் கணக்கைப் பாருங்கோ. கட்டுநாயக்கா - சென்னை வான்வழி 645 கிலோமீட்டர் அளவு, பலாலி - சென்னை 355 அளவு. வித்தியாசம் அதே 290! அதாவது நாங்கள் 300 கிலோமீட்டர் தெற்க ஓடி, காசும் குடுத்து, பிறகு பிளேனில ஏறி அவ்வளவு தூரத்தையும் திரும்ப வடக்க பறந்து வந்துதான் பலாலி நேருக்கே வாறம். இதை யோசிச்ச நாளில இருந்து எனக்கு மனம் ஆறேல்ல, ஏனெண்டா அம்மாவை கண் காட்ட சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போன முதல் தரம் கட்டுநாயக்காவாலதான் போனனான், ராத்திரி பத்து மணிக்கு வெளிக்கிட்டு விடிய அங்க போய்ச் சேரேக்க அவவுக்கு கால் ரெண்டும் வீங்கிப்போச்சு, பிளேன் ஏற முதலே மனுசி களைச்சிட்டா.

திருச்சி எண்டா இன்னும் கிட்ட, பலாலியில இருந்து 185 கிலோமீட்டர் அளவுதான். 2025 மார்ச் கடைசியில இண்டிகோ அந்த சேவையைத் தொடங்கினது. சென்னைக்கு 2019இல அலையன்ஸ் எயார் வந்து, கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பரில திரும்பத் தொடங்கினது, 2024 செப்டம்பரில இண்டிகோவும் சேர்ந்தது.

பலாலியில குறை இல்லாம இல்லை. வாறது ஏடிஆர், எழுபது சொச்சம் சீட் உள்ள சின்ன பிளேன், கல்யாணச் சேலை எடுக்கப் போற ஆக்கள் சாமான் நிறையை டிக்கெட் போடேக்கயே பாத்துக்கொள்ளுங்கோ. பிளேன் கான்சல் ஆனா கட்டுநாயக்கா மாதிரி அடுத்த பிளேனில ஏத்திவிடுவினம் எண்டு இருக்கேலாது, ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் இருந்தா ஒரு நாள் முந்தியே போயிடுங்கோ. கனடா, லண்டன், கட்டார் போறவைக்கு கட்டுநாயக்காதான் சரி. சென்னையால மாறிப் போகலாம் எண்டு ரெண்டு டிக்கெட் தனித்தனிய எடுத்தா அங்க வெளிய வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேணும், அதுக்கு இந்திய விசா வேணும்.

முல்லைத்தீவு ஆக்களுக்கு பரந்தனால ஏறினா பலாலிதான், யோசிக்கவே தேவையில்லை. வவுனியாதான் கொஞ்சம் இழுபறி: பலாலி 155 கிலோமீட்டர் அளவு, கட்டுநாயக்கா 230 அளவு. எண்டாலும் வயசான ஆக்களோட போறதெண்டா நான் வடக்கதான் திரும்பச் சொல்லுவன். அம்மாவின்ர அடுத்த செக்கப்புக்கும் பலாலியாலதான் டிக்கெட் போட்டிருக்கிறன், விடிய வீட்டில சாப்பிட்டிட்டே வெளிக்கிடலாம்.