கருவி விளக்கம்: ஒற்றை வரி போதுமா, முழுப் பத்தி வேண்டுமா?

பினாங்கிலிருந்து மலேசியாவின் வட மாநிலங்களுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்காக, ஆர்டர்களைக் கவனிக்கும் ஏஐ முகவர் ஒன்றை அமைத்து வருகிறேன். அதன் கருவிகளுக்கு, அதாவது ஒரு வேலையை முடிக்க அது அழைக்கும் நிரல்களுக்கு, விளக்கம் எழுத இரண்டு வழிகள் இருந்தன. கருவிக்கு ஒரு வரி எழுதிவிட்டு, பயன்பாட்டு விதிகள் அனைத்தையும் சிஸ்டம் பிராம்ப்டில் (முகவருக்கு முதலிலேயே தரும் பொது அறிவுறுத்தலில்) தொகுத்து வைப்பது ஒன்று. கருவி என்ன செய்யும், எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது, என்ன விடை தரும் என்பவற்றை அதன் விளக்கத்திலேயே எழுதிவிடுவது மற்றொன்று. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை.

ஒற்றை வரிக்கு டோக்கன் (உரையைப் பிரித்து அளக்கும் சிறு துண்டு) குறைவாகச் செலவாகும், படிக்கவும் எளிது. பெயரைப் பார்த்தவுடனே வேலை விளங்கிவிடும் கருவிக்கு அதுவே போதும்.

ஆனால் முகவரை இயக்கும் மொழி மாதிரி நம் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடுகள் எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை) ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்கிறது. ‘டெலிவரி நாளைக் கணக்கிடும்’ என்று மட்டும் எழுதினால், பினாங்கின் பட்டர்வொர்த்துக்கும் கெடாவின் சுங்கைப்பட்டாணிக்கும் வேலை நாள் ஒன்றல்ல என்பது அதற்கு எப்படித் தெரியும்? பினாங்கில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். மூடா ஆற்றைக் கடந்து கெடாவுக்குள் போனால் வெள்ளியும் சனியும். ஆகவே என் விளக்கம் இப்படி அமைந்தது: ‘வார விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், சரக்கு சேரும் மாநிலத்தைக் கட்டாயம் தர வேண்டும். மாநிலம் தெரியாவிட்டால் ஊகிக்காமல் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே புறப்பட்ட சரக்கு எங்கே இருக்கிறது என்று அறிய இதை அழைக்கக் கூடாது. அதற்குச் சரக்கு நிலைக் கருவி இருக்கிறது.’ இவற்றில் கடைசி இரண்டு வாக்கியங்களே மிகவும் பயனுள்ளவை என்பேன், ஏனெனில் ‘சரக்கு எப்போது வரும்?’ என்ற கேள்வி இரண்டு கருவிகளுக்குமே பொருந்தும். உள்ளீட்டின் பெயருக்கும் இதே கவனம் தேவை: ‘தொகை’ என்று மட்டும் இருந்தால் அது ரிங்கிட்டா, அதில் நூறில் ஒரு பங்கான சென்னா என்பது புலப்படாது, ‘தொகை_சென்’ என்றால் ஐயமில்லை.

இவற்றையெல்லாம் சிஸ்டம் பிராம்ப்டிலும் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம், முதல் நாளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தரும். என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்புதான். நிரலை மாற்றுபவர் அதே கோப்பில் உள்ள விளக்கத்தையும் பார்த்துத் திருத்துவார். வேறோர் இடத்தில் கிடக்கும் நீண்ட பிராம்ப்டைத் தேடிப் போவது அரிது. ஒரு கருவியை நீக்கினால் விளக்கமும் அதனுடன் போய்விடும். பிராம்ப்டிலோ இல்லாத கருவியின் விதிகள் தங்கி, மாதிரியைக் குழப்பும். மேலும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் சர்வரே தன் கருவிகளின் விளக்கங்களை அறிவிக்கிறது. அதனுடன் இணையும் வேறொரு முகவருக்கு அந்த விளக்கம் போய்ச் சேரும், என் பிராம்ப்ட் சேராது.

பத்தியிலும் எல்லை வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. மாநிலப் பட்டியலை விளக்கத்திலேயே எழுதி வைத்திருந்தால், அன்றே அது பொய்யாகியிருக்கும். மாறக்கூடிய தரவு கருவிக்குள் இருக்கட்டும். அந்தத் தரவு முடிவைப் பாதிக்கும் என்பது மட்டும் விளக்கத்தில் இருந்தால் போதும்.

என் முகவரிடம் இருப்பவை சில கருவிகளே. பல டஜன் கருவிகள் உள்ள இடத்தில் நீண்ட விளக்கங்கள் ஒவ்வோர் அழைப்பிலும் ஏற்றும் சுமை பொறுக்கத்தக்கதா என்பதை என் அனுபவத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. அங்கே ஒத்த கருவிகளை ஒன்றாக்கிய பிறகே விளக்கத்தின் நீளத்தை முடிவு செய்வேன். பணத்தைத் திருப்பித் தருமுன் வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதுபோல, பல கருவிகளுக்கும் பொதுவான விதிகளை இப்போதும் சிஸ்டம் பிராம்ப்டில்தான் வைத்திருக்கிறேன்.