என்விபாத் கணிப்புத் தளம்: வன்னி வயலுக்கு எவ்வளவு பொருந்தும்?

களைநாசினி ஒன்று மண்ணில் எப்படி உடையும் என்று ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்பே கணித்துப் பார்க்க என்விபாத் அருமையான தளம். ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கட்டி நிற்கிற வயலுக்கு அதன் விடையை அப்படியே எடுத்துவிடக் கூடாது.

நுண்ணுயிர்கள் செய்யும் மாற்றங்களை இதில் விதிகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். மூலக்கூற்றின் எந்தப் பகுதிக்கு எந்த விதி பொருந்துகிறதோ, அதன்படி விளைபொருள் வரும். இதுவரை யாருமே ஆராயாத சேர்வைக்கும் அனுசேபப் பாதை, அதாவது படிப்படியாக உடையும் வழி, கிடைப்பது இதனால்தான்.

முதலில் விடை தெரிந்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நெற்சப்பிக் களைக்கு அடித்துவந்த புரோப்பனில் என்ற களைநாசினி தோதானது. மூலக்கூற்றை எழுத்துகளால் எழுதிக் கொடுக்கும் ஸ்மைல்ஸ் குறியீட்டில் வளையக் காபனுக்குச் சின்ன 'சீ' எழுத்து. அதைப் பெரிதாக அடித்தால் அரோமற்றிக் வளையம் போய்விடும், விடையும் பிழையாகும். முதற்படியில் அமைட்டுப் பிணைப்பு நீர்ப்பகுப்பில் அறுந்து 3,4-டைகுளோரோ அனிலீன் வரவேண்டும். நெல் தப்புவதும் இதே வெட்டை அதன் நொதியம் செய்வதால்தான். கிட்டடியில் கார்பரில் என்ற பூச்சிநாசினி அடித்தால் அந்த நொதியம் முடங்கி, பயிர் கருகும்.

ஆழம், அதாவது எத்தனை தலைமுறை விளைபொருள் வரை கணிப்பது என்பது, 2 அல்லது 3 போதும். ஒவ்வொன்றும் ஐந்தாகப் பிரிந்தால் மூன்றாம் தலைமுறையோடு 155 விளைபொருள். அவ்வளவையும் தேடி முடியாது.

இடறுவது சேற்றில். இதன் மண் தரவுத் தொகுப்பிலுள்ள 317 பீடைநாசினிகளின் தரவு, ஐரோப்பியப் பதிவுக்காகக் காற்றோட்டமான மண்ணில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. நீர் நிற்கும் வயலிலோ மேலே சில மில்லிமீற்றருக்குத்தான் ஒட்சிசன். அதன்கீழ்ச் சாம்பல் நிறச் சேற்றில் குளோரீன் கழன்று மொனோகுளோரோ அனிலீன் உருவாகலாம். இந்தப் படியைக் கையால்தான் சேர்க்க வேண்டும். இரண்டு டைகுளோரோ அனிலீன் ஒன்றோடொன்று இணைந்து டெட்ராகுளோரோ அசோபென்சீன் ஆவதும் அப்படித்தான்: விதி ஒரு மூலக்கூற்றை மட்டுமே பார்க்கும். நஞ்சில் இதுதான் கவலைக்குரியது, விட்டுவிடாதீர்கள்.

திணிவு நிறமாலைமானியில் நேரேற்ற முறையில் டைகுளோரோ அனிலீனுக்கு 161.987ஐத் தேடுங்கள், பக்கத்தில் 163.984இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இன்னொரு உச்சி இருந்தால் குளோரீன் இரண்டு. மொனோகுளோரோ அனிலீனுக்கு 128.026.

பயோட்ரான்ஸ்ஃபோமர் என்ற இன்னொரு கணிப்புக் கருவியிலும் அதே விடை வந்தது என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அதன் சூழல் நுண்ணுயிர்ப் பகுதி ஓடுவதும் என்விபாத் விதிகளில்தான்.