செகண்ட் லைன் பீச் அத்தோ: தட்டைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க

சென்னை பர்மா பஜாருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அத்தோ வண்டிகளில் எது நல்ல வண்டி? பிசைகிற கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பர்மியத்தில் ‘அதோக்’ என்றால் கையால் பிசைந்தது. இங்கே வந்து அது அத்தோ ஆனது.

கலர் போட்டு அவித்து ஆறவைத்த நூடுல்ஸ் ஒரு பிடி, அதில் பாதிக்கு மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம். மேலே பொரித்த பூண்டும், அது பொரிந்த எண்ணெயும். பிறகு புளித்தண்ணீர், உப்பு, இடித்த மிளகாய், கொத்தமல்லி. எல்லாம் பிசைந்து முடித்த பிறகுதான் பேஜோவை நொறுக்கிப் போட வேண்டும். ‘பே’ பருப்பு, ‘ஜோ’ பொரித்தது. பெயர் பர்மியம், ஆள் நம்மூர் தட்டைக்குப் பங்காளி. கூட்ட நேரத்தில் சில வண்டிகளில் இதை முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். புளித்தண்ணீரைக் குடித்து இரண்டே நிமிடத்தில் சொதசொதத்துப் போகும். பூண்டு கருகியிருந்தால் எண்ணெய் முழுக்கக் கசக்கும், புளியைக் கூட்டினாலும் போகாது. நூடுல்ஸ் கட்டிகட்டியாக வந்தால், அவித்ததும் எண்ணெய் தடவாமல் விட்டிருக்கிறார்கள்.

இப்போது தோசைக்கல்லில் சோயா சாஸ் ஊற்றிக் கிளறியும் தருகிறார்கள். பிசையாத பண்டத்துக்கு எதற்கு இந்தப் பெயர்?

கூட வரும் வாழைத்தண்டு சூப்பை அலட்சியமாக விடாதீர்கள். இதன் மூல வடிவம் ரங்கூனின் மொய்ங்கா: கெளுத்தி மீன் குழம்பு, வாழைத்தண்டு, அரிசி நூடுல்ஸ். 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்து கடைகள் அரசுடைமையாகி, 1964-ல் 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாமல் போயின. அப்போது கப்பலேறி வந்த தமிழர்கள், இந்த வண்டிகளில் மீனை விட்டார்கள், தண்டை விடவில்லை. அத்தோவில் மீன் சாறும் இறால் பொடியும் எங்கே என்று ரங்கூன்காரர் கேட்பார். இது ஏன் ஆறிக்கிடக்கிறது என்று மயிலாப்பூர்காரர் கேட்பார். வண்டிக்காரர் இருவருக்கும் ஒரே தட்டைத்தான் நீட்டுவார்.

முட்டை மசாலா: அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய். ஒரே வாயில் போடுங்கள். பாதி கடித்தால் மீதி சட்டையில்.

பார்சல் என்றால் பேஜோவையும் புளித்தண்ணீரையும் தனித்தனிக் கவரில் கேளுங்கள். சூப்பை மட்டும் நின்றே குடித்துவிடுங்கள். இரண்டாவது கப்புக்குப் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள்.