ஏற்காடு மலைப்பாதையில் புது சைலன்சர்: மூன்று ஆண்டு அனுபவம்

என் போலோ 1.0 டிஎஸ்ஐ காருக்குப் பின்பாதி சைலன்சரை மாற்றி மூன்று ஆண்டும் 34,000 கிலோமீட்டரும் ஆகிவிட்டன. ஆசைப்பட்டது சத்தத்துக்கு, வீட்டில் சொன்ன காரணம், இழுவை கூடும் என்பது.

இழுவை கூடவில்லை. வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைத் தாண்டிய வாயு தடையின்றி வெளியேறுவது நல்லதுதான். ஆனால் பெரிய தடை டர்போவை ஒட்டிய குழாயிலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் இருக்கிறது; நான் கைவைத்ததோ அதற்குப் பின்னால். போதாததற்கு, முறுக்குவிசை 175 நியூட்டன் மீட்டரைத் தாண்டாதபடி எஞ்சினை ஆளும் கணினியான இசியு கட்டிப்போட்டிருக்கிறது. கன்வெர்ட்டரையே கழற்றிவிடலாம் என்று பட்டறையில் ஆசை காட்டினார்கள். மறுத்துவிட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தவிர, நல்ல காற்றுக்காக மலையேறுகிறவன் அந்தப் புகையைக் கக்கிக்கொண்டா போவது?

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் வளைவைத் திருப்பி மிதித்தால், மூவாயிரம் சுற்றைத் தாண்டியதும் கனத்த உறுமல் எழும். பாறையில் பட்டு ஜன்னல் வழியே திரும்பி வரும். முதல் மாதம் அதற்காகவே மூன்று முறை ஏறினேன். பெட்ரோல் கணக்கு வேண்டாம்.

தர்மபுரிச் சாலைதான் குட்டை உடைத்தது. ஆறாம் கியரில் சீராகப் போகும்போது காருக்குள் ஓயாத ரீங்காரம். பின்னிருக்கையிலிருந்து மாமியார் கேட்டார்: “மாப்பிள்ளை, ரைஸ் மில்லுக்குள்ளேயா உட்கார வைத்திருக்கிறீர்கள்?” இடையில், ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டர் ஒன்றைப் பொருத்திய பிறகு பாதி அடங்கியது.

எட்டாவது மாதம், ஏற்காட்டில் ஒரு குளிர்ந்த காலை, வண்டியைக் கிளப்பியதும் அடியில் ‘சட் சட்’ என்று சத்தம். குனிந்து பார்த்தால் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. சோப்புத் தண்ணீரை ஊற்றினேன்; ஒரு போல்ட்டின் அருகே குமிழி குமிழியாகக் கிளம்பியது. இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றியதில் அது தீர்ந்தது. அப்போதுதான் வெல்டிங் ஓரத்தில் துருவைக் கண்டேன். காந்தம் ஒட்டாத 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துவந்து குழாயில் வைத்தேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. ஸ்டெயின்லெஸ் தகடு செய்யும் இரும்பாலை இருக்கிற சேலத்துக்காரன் நான்! வாங்கும்போதே காந்தத்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

பழைய சைலன்சர் சாக்கில் சுற்றிப் பரணில் கிடக்கிறது. எடைக்குப் போடலாமா என்று போன வாரம் மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.