அலுவலகத்தில் நியாய வணிகக் காப்பியும் கழுவிப் பயன்படுத்தும் கோப்பையும்: ஒரு நெடுநாள் அனுபவம்

அலுவலகத்திற்கு வேண்டிய பானங்களையும் கூட்டங்களுக்கான உணவையும் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தபின், காப்பி, தேயிலை, சர்க்கரை மூன்றையும் ஃபேர்டிரேட் எனும் நியாய வணிகச் சான்று முத்திரை பெற்றவையாக மாற்றினோம். சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நிலையில் என் கணிப்பை இங்கே பதிவு செய்கிறேன்.

முத்திரை எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்வது அவசியம். ஃபேர்டிரேட் முறையில், கழுவிப் பதப்படுத்திய அராபிகா காப்பிக்கொட்டைக்கு ஒரு பவுண்டுக்கு 1.80 டாலர் என்ற குறைந்தபட்ச விலை 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல் 20 சென்ட் ஊக்கத்தொகையாக விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்திற்குச் செல்கிறது. சந்தை விலை இதைவிட உயர்ந்திருக்கும் காலத்தில் சந்தை விலையையே கொடுக்க வேண்டும் என்பதால், முத்திரையால் விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைப்பது அந்த ஊக்கத்தொகை மட்டுமே. தவளைப் படம் கொண்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரையோ இப்படி ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பதில்லை. தேயிலைப் பெட்டியில் ஃபேர்டிரேட் முத்திரையை ஒட்டி ஓர் அம்புக்குறி இருந்தால் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்: சான்று பெற்ற தேயிலையும் பெறாததும் கலக்கப்பட்டு, சான்று பெற்றதாக வாங்கிய அளவும் விற்ற அளவும் ஒத்துப்போகின்றனவா என்ற கணக்கு மட்டும் சரிபார்க்கப்பட்டிருக்கலாம்.

சுவையைப் பற்றி ஒரே வரி போதும்: அதைத் தீர்மானிப்பது முத்திரையன்று, வறுத்த தேதி.

கோப்பை விஷயம்தான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. 'மக்கும்' என்று அச்சிட்ட காகிதக் கோப்பைகளின் உட்பூச்சு பெரும்பாலும் பிஎல்ஏ எனும் தாவரவழிப் பிளாஸ்டிக். அது ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலவும் தொழிற்சாலை உரக்கூடங்களில்தான் ஒழுங்காக மக்கும். எங்கள் குப்பை அத்தகைய கூடத்திற்குப் போவதில்லை என்பதால் பீங்கான் கோப்பைகளுக்கு மாறினோம். மாறிய பிறகு, அடியில் காப்பி காய்ந்து ஒட்டிய கோப்பைகள் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கழுவுதொட்டியில் குவிந்தன. துப்புரவுப் பணியாளரின் வேலை, ஊதியம் உயராமலே கூடிவிட்டது. தொலைதூர விவசாயிக்கு நியாயம் பேசிவிட்டு அடுத்த அறையில் இருப்பவருக்குச் சுமையைக் கூட்டுவது முறையாகாது என்று வாதாடி, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்க வைத்தேன். இந்த முயற்சியில் எனக்கு முழு மனநிறைவு தந்த செலவு அதுவே.

கூட்ட உணவில் பெரிய சிக்கல் மீதம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் சுமார் 29 கோடி டன், உணவகங்கள் போன்ற உணவுச் சேவைத் துறையில் வீணானது. நாங்கள் முந்தைய நாளே வருகையை உறுதிசெய்து, வருவதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் உணவு வரவழைக்கிறோம். சைவ உணவே வழக்கமான தேர்வு, இறைச்சி வேண்டுவோர் தனியே சொல்ல வேண்டும். முதலில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு பழகிவிட்டது. மீதம் குறைந்ததால் மிச்சமான தொகை, முத்திரைக் காப்பியின் கூடுதல் விலையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

சர்க்கரையில் மட்டும் குறை தீரவில்லை. எங்களுக்கு வழங்குபவர் முத்திரை பெற்ற சர்க்கரையைச் சிறுசிறு பொட்டலங்களாகவே தருகிறார்; மொத்தமாகத் தரும்படி பலமுறை கேட்டும் பதில் வரவில்லை.