லைசன் சஸ்பெண்ட் ஆயிருச்சுன்னு சொல்லி காசு புடுங்குறாங்க, கவனமா இருங்க

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஆட்டோ ஓடுற தம்பிமாரு கட்டாயம் வாசிங்க, இது என் கூடப்பொறந்த தம்பிக்கு நடந்தது.

ட்ராபிக் பொலிஸ் லைசன வாங்கிட்டு ஃபைன் பேப்பர் குடுத்தாங்க, அந்த நேரம் பாத்து அம்மாவ கண்டி ஆஸ்பத்திரியில வார்ட்ல போட்டாச்சு, ஃபைன பத்தி யோசிக்க யாருக்கும் நேரமில்ல, அப்பறம் ஸ்டேஷனுக்குப் போனா லைசன் கோர்ட்டுக்கு போயிருச்சுன்னுட்டாங்க. கோர்ட் வாசல்ல ஒருத்தன் அந்த பேப்பர வாங்கிப் பாத்துட்டு "தம்பி லைசன் சஸ்பெண்ட் ஆயிருச்சு, உள்ள போனா ரிமாண்ட்தான், வெரஹெர லைசன் ஆபீஸ்ல எனக்கு ஆள் இருக்கு, 25,000 குடு புதுசா எடுத்துத் தாரேன்"னு சொல்லியிருக்கான். பேப்பர்ல கையால எழுதினது முழுக்க சிங்களம், தம்பி நல்லா பேசுவான், வாசிக்கத் தெரியாது. அம்மாவோட காதுத் தோட்ட அடகு வச்சுதான் குடுத்தான், பாவம்.

அதுக்கு கிடைச்சது தற்காலிக லைசன்னு ஒரு பேப்பர், அழகா லெமினேட் பண்ணி. நான் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், சீல் போட்டோகொப்பி, எந்த திகதி வரைக்கும் செல்லும்னு ஒரு எழுத்து இல்ல. நானுஓயா கிட்ட செக்கிங்ல காட்டினதும் வண்டியோட ஸ்டேஷனுக்கு கொண்டு போயிட்டாங்க. அந்த பேப்பரோட ஓடும்போது யாரையாவது இடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும், அத நெனச்சாத்தான் எனக்கு இன்னும் நடுங்குது.

தெரிஞ்ச லோயர் ஒருத்தர்கிட்ட காட்டினா லைசன் சஸ்பெண்ட் ஆகவே இல்லையாம்! ஃபைன 14 நாளுக்குள்ள போஸ்ட் ஆபீஸ்ல கட்டி ரிசீட்ட ஸ்டேஷன்ல காட்டினா லைசன் குடுத்துருவாங்க, அது தாண்டினா 28 நாள் வரைக்கும் ரெண்டு மடங்கு கட்டணும், அதுவும் தாண்டினா வழக்கு, அவ்வளவுதான். தம்பி கோர்ட்டுக்குள்ள போனான், குத்தத்த ஒத்துக்கிட்டு தண்டப்பணம் கட்டினான், லைசன் கைக்கு வந்துருச்சு. தமிழ்ல சொல்லிக் குடுக்க உள்ளயே ஆள் இருந்தாங்க, ரிமாண்டும் இல்ல ஒன்னும் இல்ல. போலி பேப்பர் வச்சிருந்த பிரச்சினதான் இன்னும் முடியல, காசு வாங்கினவன் போன் ஆஃப். முறைப்பாடு போட்டிருக்கோம்.

அதே மாதிரி ஆளுங்க இன்னும் கோர்ட் வாசல்லதான் நிக்கிறாங்க. உங்க ஒரிஜினல் ஃபைன் பேப்பர யார் கையிலயும் குடுக்காதீங்க. வாசிக்கத் தெரியலன்னா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, ராத்திரியானாலும் பரவால்ல, வாசிச்சு சொல்றேன்.